பழைய கோயில் சுவருக்கு சுண்ணாம்பு வேலை செஞ்ச குழு: ஒரு மழைக்காலம் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

வேலை முடிஞ்ச கையோட எழுதுற ரிவ்யூ இல்ல இது. ஐப்பசி கார்த்திகை மழை முழுசா ஒரு தடவை சுவர்ல இறங்கினதுக்கு அப்புறம்தான் எழுதணும்னு வச்சிருந்தேன், ஏன்னா சுவர் வேலைக்கு மழை பாக்காம மார்க் போட்டா அதுக்கு அர்த்தமே இல்ல. இப்ப மழையும் பாத்தாச்சு.

எங்க ஊர் தூத்துக்குடி மாவட்டத்துல தேரிக்காட்டு (செம்மணல் காடு) ஓரமா இருக்கிற சின்ன கிராமம். நாங்க சர்ச்னு எல்லாம் சொல்றது இல்ல, கோயில்னுதான் சொல்லுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல கட்டின கோயில், செங்கல்லும் சுண்ணாம்பும், சுவர் ஒரு ஆள் கைய முழுசா நீட்டினா அடங்குற கனம், மேல தேக்கு உத்திரம், கைமரம், ஓடு. நான் சபை கமிட்டில இருக்கேன், அதனால இந்த வேலைக்கு ஆள் தேடினது, பணம் சேர்த்தது, கூடவே நின்னு பாத்தது எல்லாத்துலயும் இருந்தேன். குழுவுக்கு போர்டு, கம்பெனி பேர் ஒண்ணும் கிடையாது, காரைக்குடி பக்கத்துல இருந்து வந்த ஒரு மேஸ்திரியும் அவர் கூட ஆறேழு பேரும், அவ்வளவுதான். செட்டிநாட்டு வீடுகள்ல சுண்ணாம்பு பூச்சு வேலை பாத்து பாத்து கை பழகினவங்க.

இந்த வேலை ஏன் தேவைப்பட்டதுன்னு சொல்லாம ரிவ்யூ புரியாது.

நம்ம பக்கம் பழைய கோயில் எதை எடுத்துக்கிட்டாலும் சிமெண்டுக்கு முந்தினது. பாளையங்கோட்டைல குளோரிந்தா அம்மா கட்டின கோயில் 1785. முதலூர் 1799ல உண்டான ஊர், பேரே அதுதான், கிறிஸ்தவங்களுக்குன்னு உண்டான முதல் ஊர். மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, தூரத்து ரோட்டுல இருந்தே பனைமரத்துக்கு மேல தெரியும். இடையன்குடி கோயிலை கால்டுவெல் 1847ல ஆரம்பிச்சு 1880லதான் பிரதிஷ்டை பண்ணினார், 33 வருஷம்! பணம் வரும், நிக்கும், மறுபடி வரும். ஒப்பிலக்கணம் எழுதினவர்னுதான் நாம அவரை படிச்சிருக்கோம், ஆனா அந்த 33 வருஷமும் ஒரு கட்டிடத்தை விடாம பிடிச்சிட்டு இருந்தவர்ங்கறது எனக்கு அதை விட பெரிய விஷயமா தெரியுது, 1891ல கொடைக்கானல்ல இறந்தவரை கொண்டு வந்து அடக்கம் பண்ணினதும் அந்த கோயிலுக்குள்ளதான். நம்ம நாட்டுல சிமெண்ட் ஆலை ஒழுங்கா ஓட ஆரம்பிச்சதே 1914ல போர்பந்தர்ல. அதுக்கு முன்னாடி இவ்வளவு உயரம் எழுப்பினது எல்லாம் சுண்ணாம்பு சாந்துல.

எங்க கோயில் அவ்வளவு பெருசு இல்ல. முதல்ல பனை ஓலை கொட்டகை, அப்புறம் மண் சுவர், அப்புறம்தான் இப்ப இருக்கிற கட்டிடம், இந்த பக்கம் முக்காவாசி ஊர்ல கதை இதேதான். வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் பனையேறுறவங்க கருப்பட்டியும் கொடுத்து கட்டினதுன்னு எங்க ஆச்சி சொல்லும். கருப்பட்டியை வித்து காசாக்கி கொடுத்திருப்பாங்கன்னுதான் நான் இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன். மேஸ்திரி வந்து சுவர்ல ஒரு துண்டு பழைய காரையை பெயர்த்து கையில வச்சு பாத்துட்டு, "வித்த கருப்பட்டி கொஞ்சம்தான் இருக்கும் தம்பி, மிச்சம் இந்த சுவருக்குள்ளதான் இருக்கு"ன்னார். அந்தக் காலத்துல சுண்ணாம்பு சாந்துலயே கருப்பட்டியை ஊற வச்சு கலந்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல எனக்கு.

இனி நாங்க பண்ணின தப்பு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிரதிஷ்டை பண்டிகைக்கு கோயிலை புதுசாக்கணும்னு ஒரு காண்ட்ராக்டரை பிடிச்சோம். பேர் வேண்டாம். அவர் வந்து உள்ளயும் வெளியவும் தரையில இருந்து அஞ்சு அடி உயரத்துக்கு பழைய காரையை கொத்தி எறிஞ்சுட்டு சிமெண்ட் பூச்சு போட்டார், மேல பட்டி பாத்து பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சார், தரையில இருந்த பழைய தளத்து மேலயே பளபளன்னு டைல்ஸ் ஒட்டினார். பண்டிகை அன்னைக்கு எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க, நானும்தான். ரெண்டு மழைக்காலம் போச்சு. சிமெண்ட் முடியிற அஞ்சு அடிக்கு மேல ஈரம் கோடு போட்ட மாதிரி தெரிய ஆரம்பிச்சுது, அதுக்கு மேல வெள்ளையா உப்பு பூத்துது, தொட்டா கையில மாவு மாதிரி வரும். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி உரிஞ்சுது. திரும்ப சுரண்டி திரும்ப அடிச்சோம், அடுத்த வருஷம் இன்னும் ஒரு அடி மேல போச்சு. ஞானஸ்நானத் தொட்டி பக்கத்து சுவர்ல செங்கல்லே பொடிஞ்சு உதிர ஆரம்பிச்சப்பதான் பயம் வந்துது.

நாலு பேர் கிட்ட கேட்டோம். மூணு பேர் வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் அடிக்கணும், அதுக்கு மேல மறுபடி சிமெண்ட் போடணும்னு சொல்லி அங்கேயே நின்னு கொட்டேஷன் எழுதிட்டாங்க. இந்த மேஸ்திரி மட்டும் கொட்டேஷனே கொடுக்கல, ரெண்டு நாள் தங்குறேன், சாப்பாடு மட்டும் போடுங்கன்னார்.

அந்த ரெண்டு நாள்தான் எனக்கு இந்த குழு மேல நம்பிக்கை வந்த இடம். அவர் முதல்ல சுவரை பாக்கவே இல்ல. கோயிலை சுத்தி சுத்தி நடந்தார். "ஓட்டுல விழுற தண்ணி எங்க போவுது? அந்த பக்கம் ரோடு போட்டப்ப மண்ணை இங்க கொட்டினாங்களா?"ன்னு கேட்டார். உண்மைதான், ரோடு போட்டப்ப வந்த மண்ணு வடக்கு பக்கம் ஒன்றரை அடி ஏறிக் கிடந்துது, மழைத்தண்ணி வெளிய போகாம சுவரோரமே நின்னு அஸ்திவாரத்துக்குள்ள இறங்கிட்டு இருந்துது, நாங்க யாரும் அதை ஒரு விஷயமாவே எடுத்துக்கல. மறுநாள் கையில ஒரு சின்ன மரக்கட்டையை வச்சுக்கிட்டு உள்சுவரை அடி அடியா தட்டிக்கிட்டே வந்தார். நல்லா பிடிச்சிருக்கிற இடத்துல சத்தம் 'டக்'குனு கட்டியா வருது, விட்டுப்போன இடத்துல தேங்காய் ஓட்டை தட்டின மாதிரி 'டொம்'னு வருது. கூட வந்த பையன் சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டே வந்தான். சாயங்காலம் பாத்தா, பழைய சுண்ணாம்பு காரை இருந்த மேல் பாதில நாலஞ்சு வட்டம்தான், சிமெண்ட் போட்ட கீழ் பாதி முழுக்க வட்டம். புதுசு விட்டுப் போயிருக்கு, நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆன பழசு பிடிச்சிட்டு இருக்கு.

காரணத்தை அவர் சொன்ன மாதிரியே சொல்றேன். இந்த மாதிரி பழைய சுவர்ல ஈரம் ஏறத்தான் செய்யும், கீழ இருந்து மண்ணு ஈரத்தை செங்கல் உறிஞ்சுக்கிட்டே இருக்கும், அதை நிறுத்தவே முடியாது. சுண்ணாம்பு பூச்சு இருந்தா அந்த ஈரம் வெயில்ல ஆவியா வெளிய போயிடும், சுவர் மூச்சு விடும். சிமெண்ட் அந்த மூச்சை அடைச்சிடுது. வழியில்லாம ஈரம் மேல ஏறி, சிமெண்ட் முடியிற இடத்துல வெளிய வருது, வரும்போது உப்பையும் கூட்டிட்டு வருது, தண்ணி காய்ஞ்சதும் உப்பு செங்கல்லுக்குள்ளயே கட்டியாகி அதை உடைச்சு பொடியாக்குது. டைல்ஸும் அதே வேலையைத்தான் செஞ்சிருக்கு, தரை வழியா போக வேண்டிய ஈரத்தை சுவர் பக்கம் தள்ளி விட்டிருக்கு. சிமெண்ட் கெட்ட பொருள் இல்ல, இந்த செங்கல்லுக்கு அது ரொம்ப கெட்டி, ரெண்டுக்கும் ஒத்துப்போகாதுன்னார். இதுல ஒரு வார்த்தை கூட அந்த காண்ட்ராக்டரோ நாங்களோ அன்னைக்கு யோசிக்கல.

அதனால வேலை ஆரம்பிச்சது பூச்சுல இல்ல, மண்வெட்டில. வடக்கு பக்க மண்ணை வாரி பழைய மட்டத்துக்கு கொண்டு வந்தோம், தண்ணி ஓடுற மாதிரி வாட்டம் வச்சோம், கைப்பிடி சுவர்ல முளைச்சிருந்த அரசங்கன்னை வேரோட எடுத்தாங்க (வேரை விட்டுட்டு வெட்டினா திரும்ப வரும், இதை மட்டும் நாங்க வருஷா வருஷம் பாத்திருக்கோம்). சபையில இளைஞர் எல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து மண்ணு சுமந்தாங்க. அப்புறம் சிமெண்ட் பூச்சை எல்லாம் பெயர்த்து எடுத்துட்டு சுவரை சும்மா விட்டாங்க. ஒரு மாசத்துக்கு மேல. வேலையே நடக்கல, ஆள் இல்ல, சுவர் மட்டும் அம்மணமா நிக்குதுன்னு ஊர்ல ஒரே பேச்சு, கமிட்டில எனக்கு நல்ல திட்டு. ஐயரவர்கள்தான் (எங்க சபை போதகரை அப்படித்தான் சொல்லுவோம்) எழும்பி "இத்தனை வருஷம் குடிச்ச தண்ணியை அது வெளிய விடட்டும், பொறுங்க"ன்னு முடிச்சு வச்சார். உப்பு பூக்க பூக்க காய்ஞ்ச துடைப்பத்தால கூட்டி எடுக்கணும், தண்ணி ஊத்தி கழுவக்கூடாது, அந்த வேலையை நாங்களே செஞ்சோம்.

அந்த நேரத்துல சுண்ணாம்பு தயார் ஆச்சு. கோயில் பின்பக்கம் ஒரு குழி வெட்டி சுட்ட சுண்ணாம்புக் கல்லை போட்டு தண்ணி ஊத்தினாங்க. நான் அதை அன்னைக்குத்தான் முதல் தடவை பாக்குறேன். ஊத்தின உடனே ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரத்துல கல்லு விரிசல் விட்டு சீறுது, அடுப்பே இல்லாம குழி முழுக்க உலை கொதிக்கிற மாதிரி குபுகுபுன்னு கொதிக்குது, ஆவி கிளம்புது. பக்கத்துல நின்ன சின்னப்பிள்ளைகளை எல்லாம் தூர விரட்டினாங்க, கண்ணுல பட்டா போச்சு. கொதிச்சு அடங்கினதும் பாத்தா நீத்த சுண்ணாம்பு தயிர் மாதிரி கிடக்கு. அதை தண்ணிக்கடியிலயே வாரக்கணக்கா ஊற விட்டாங்க, ஊற ஊற நயம்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் பெரிய பிளாஸ்டிக் டிரம்ல இடிச்ச கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு ஊற வச்சாங்க, அது புளிச்சு ஒரு வாடை வரும் பாருங்க, கள்ளு வாடையும் தோல் பதனிடுற வாடையும் சேர்ந்த மாதிரி, பதினஞ்சு நாள் கோயில் தெருவே அந்த வாடைதான்.

கருப்பட்டி உடன்குடில இருந்து வாங்கினோம். பழையபடி வீட்டுக்கு ஒரு வட்டு கொடுங்கன்னு சபையில அறிவிச்சப்ப, கருப்பட்டி காய்ச்சுறதை விட்டு ரொம்ப வருஷம் ஆன வீட்டுக்காரங்க கூட கடையில வாங்கி கொண்டு வந்து வச்சாங்க. வெளியூர்ல இருந்து ஒருத்தர் பார்சல்ல அனுப்பினார். இது மேஸ்திரி சேவைல சேராது, ஆனா எழுதாம இருக்க முடியல.

பூச்சு மூணு அடுக்கு. முதல்ல மணலும் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சாந்து, அரவை மெஷின்ல நல்லா அரைச்சு, கடுக்காய்த் தண்ணி விட்டு. ஒரு அடுக்கு போட்டா பல நாள் காத்திருந்துதான் அடுத்தது. அது வரைக்கும் சாக்கு நனைச்சு தொங்க விட்டு வெயில் படாம பாத்துக்கணும், சுண்ணாம்பு சும்மா காய்ஞ்சா போதாது, காத்துல இருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து திரும்ப கல்லா மாறணும், அவசரப்பட்டு காய வச்சா மாவா உதிரும். மேல கடைசி அடுக்கு மெல்லிசா நயம் சுண்ணாம்பு, அதை கரண்டியால தேய் தேய்னு தேச்சு மெருகு ஏத்தினாங்க. ஆல்டர் (பலிபீடம்) பக்க சுவருக்கு மட்டும் ரெண்டு பேர் மூணு நாள் தேச்சாங்க. அதுல ஜன்னல் வெளிச்சம் விழுறப்ப பெயிண்ட் மாதிரி கண்ணுல அடிக்கல, பால் மாதிரி உள்ள வாங்கிக்குது.

பழைய காரையை மேல் பாதில முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டதுக்கு தனியா நன்றி சொல்லணும். மொத்தமா எடுத்துட்டு புதுசா போட்டா அவங்களுக்கு கூலி கூட கிடைச்சிருக்கும், "பிடிச்சிருக்கிறதை ஏன் எடுக்கணும்"னு விட்டுட்டாங்க. அந்த பழைய காரைல உத்து பாத்தா சின்ன சின்ன சிப்பித் துண்டு வெள்ளையா தெரியுது, சரியா வேகாத கிளிஞ்சல். கடலோரத்துல இருந்து கிளிஞ்சல் கொண்டு வந்து இங்க சுட்டிருக்காங்க. பலிபீடத்துக்கு வலது பக்கம் ஒரு துண்டை மூடாம விடச் சொன்னோம், சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு காட்டுறதுக்கு.

இனி குறை. மறைக்க விரும்பல.

சொன்ன தேதி சொன்ன தேதி இல்ல. பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சா ஈஸ்டருக்கு முன்னாடி முடியும்னாங்க, முடிஞ்சது ஆடிக்கு பக்கம். நடுவுல வேற ஊர் வேலைன்னு பன்னெண்டு நாள் போய்ட்டாங்க, போன் எடுக்கல, அந்த நாள்ல சாக்கை நனைக்கிற வேலையை நாங்கதான் முறை போட்டு பாத்தோம். ஈஸ்டர் ஆராதனை சாரத்துக்கு நடுவுலதான் நடந்துது. சாரத்துக்கு வாடகை தனின்னு முதல்லயே சொல்லல, கடைசியில பில்லுல வந்துது, பேசி பாதியா குறைச்சோம். மேற்கு சுவர்ல மயிரிழை விரிசல் கொஞ்சம் வந்துது, அது இந்த வேலைல சகஜம்னு சொல்லி ரெண்டு மாசம் கழிச்சு வந்து காசு வாங்காம தேச்சு சரி பண்ணினாங்க, அதனால அதை பெருசா எடுத்துக்கல. மர வேலை இவங்களுக்கு கிடையாது, ரெண்டு உத்திரம் சுவருக்குள்ள போற முனையில கரையான் இருந்துது, அதுக்கு தச்சரை நாங்க தனியா தேட வேண்டியதா போச்சு, இவங்க வேலையும் அதனால நின்னுது. எல்லாத்துக்கும் மேல, என்ன கலவை, எவ்வளவு அளவு, எந்த சுவருக்கு என்ன போட்டாங்கன்னு ஒண்ணும் எழுதிக் கொடுக்கல, எல்லாம் மேஸ்திரி தலைக்குள்ள இருக்கு. அவருக்கு அறுபதைத் தாண்டுது. ஐம்பது வருஷம் கழிச்சு இந்த சுவரை தொடப்போறவன் என்ன பண்ணுவான்? நான் பக்கத்துல நின்னு பாத்ததை ஒரு நோட்டுல எழுதி ஞானஸ்நான ரிஜிஸ்டர் இருக்கிற பீரோவுலயே வச்சிருக்கேன், ஆனா அது அவங்க செஞ்சிருக்க வேண்டிய வேலை.

செலவு. சிமெண்டுக்கு கேட்டதை விட கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. அசன பண்டிகை (சபையா சேர்ந்து சாப்பிடுற விருந்து) செலவுல கொஞ்சம் குறைச்சோம், வெளியூர்ல இருக்கிறவங்க அனுப்பினாங்க, மிச்சம் சபைக்காரங்க கட்டுற சங்கக் காணிக்கை. தேவாலயங்களை பழுது பாக்க தமிழக அரசோட நிதி உதவி திட்டம் இருக்கு, மாவட்ட ஆட்சியர் ஆபீஸ்ல சிறுபான்மையினர் நலப் பிரிவுல கேக்கணும், நாங்க லேட்டாத்தான் அந்த பக்கம் போனோம், வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயிருக்கணும். டைல்ஸை முழுசா எடுக்க காசு இல்ல, சுவரோரம் மட்டும் ரெண்டு அடிக்கு எடுத்துட்டு சுண்ணாம்புத் தளம் போட்டாங்க, அது மேஸ்திரியே சொன்ன யோசனை.

மழை பாத்த கதைக்கு வரேன். கார்த்திகைல மூணு நாள் விடாம பேஞ்சுது. நாலாவது நாள் காலையில சாவி எடுத்துட்டு ஓடினேன். வெளிச்சுவர் நனைஞ்சு நிறம் மாறி இருந்துது, வயிறு கலங்கிடுச்சு. மேஸ்திரிக்கு போன் போட்டா இந்த தடவை உடனே எடுத்தார், "நனையும் தம்பி, நனைஞ்சாத்தான் காயும், ரெண்டு நாள் வெயில் பாத்துட்டு சொல்லுங்க"ன்னார். ரெண்டு நாள்ல பழைய நிறத்துக்கு வந்துடுச்சு. உள்ள ஞானஸ்நானத் தொட்டி பக்கத்துல கைய வச்சு பாத்தேன், குளிர்ச்சியா இருக்கு, ஈரம் இல்ல. உப்பு ஒரே ஒரு இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு பூத்துது, துடைப்பத்தோட சரி. பன்னெண்டு வருஷமா கதவை திறந்ததும் வந்த அந்த பூஞ்சை நாத்தமும் இப்ப இல்ல, வயசான அம்மாக்கள்தான் இதை முதல்ல சொன்னாங்க.

பழைய கோயில் வச்சிருக்கிற மத்த சபைக்காரங்களுக்கு சொல்றேன், சுண்ணாம்புக்கு ஆள் பிடிக்கிறப்ப சுவரை தட்டிப் பாக்காம விலை சொல்றவரை விட்டுடுங்க, தண்ணி எங்க போவுதுன்னு கேக்கிறவரை பிடிங்க. முடிஞ்சதுக்கு அப்புறம் மேல பட்டி, பிளாஸ்டிக் பெயிண்ட், ஒயிட் சிமெண்ட் எதுவும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிச்சா போதும். புரட்டாசி முடியுறதுக்குள்ள கூரை ஓடுகளை ஒரு தடவை பாத்து, ஒடைஞ்சதை மாத்தி, கைப்பிடி சுவர்ல முளைச்ச கன்னைப் பிடுங்கிடுங்க. ஃபேன், ஸ்பீக்கர் மாட்ட வர்ற ஆளுங்க டிரில் போட்ட ஓட்டையை சிமெண்ட் வச்சு அடைப்பாங்க, கூடவே நின்னு தடுக்கணும்.

அஞ்சுக்கு நாலரை. அரையை குறைச்சது தேதிக்கு இல்ல, எழுதிக் கொடுக்காததுக்கு. மேஸ்திரி கிட்டயே சொல்லிட்டேன், "அடுத்த வேலைல பையனை விட்டு எழுத வைக்கிறேன் தம்பி"ன்னார். குழியில மிச்சம் இருந்த சுண்ணாம்பை தண்ணிக்கடியில விட்டு மேல பலகை போட்டு மூடிட்டு போயிருக்காங்க. கிறிஸ்மசுக்கு முன்னாடி வெள்ளையடிக்க அதுதான், வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி வத்தாம பாத்துக்கிற வேலை உபதேசியார் (போதகருக்கு உதவியா இருக்கிற சபை ஊழியர்) வீட்டு பையனோடது.